அந்த வரியைச் சொல்கிறவன் யாரென்று தெரிந்துதான் சொன்னாயா, அம்மா?

கோபத்தையும் பிரியத்தையும் ஒரே குரலில் பேசிய என் அம்மாவுக்கு,

நீ போன பிறகு இரண்டாவது மழைக்காலமும் முடிந்துவிட்டது. அப்பா சுகமாக இருக்கிறார். முழங்கால் வலிக்கிறது, கேட்டால் இல்லை என்கிறார். காலையில் போபோடிச் சந்து முனையில் பழைய ஃபாக்டரி கூட்டாளிகளோடு சாய் குடித்துவிட்டு, காய்கறி விற்கும் பாஜிக்காரரிடம் வெந்தயக்கீரை வாங்கி வருகிறார். பாதி முற்றலாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்ல இப்போது ஆளில்லை.

எனக்குக் கராடியில் புது வேலை கிடைத்துவிட்டது. உனக்குத் தெரிந்த கராடி வெறும் வயலும் மண்சாலையும். இன்று அங்கே கண்ணாடிக் கட்டடங்கள். லிஃப்டில் நின்றால் கோயம்புத்தூர்த் தமிழும் சென்னைத் தமிழும் காதில் விழுகின்றன. நான் வாயைத் திறந்தால் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்கிறார்கள். இங்கேயே, இந்த மராத்தி நகரத்துக் கட்கியில் வளர்ந்தவள் என்றால் அவர்களுக்குப் புரிவதில்லை. உன் ஊரான பாளையங்கோட்டை என்றால் எனக்கே அது பொய் போலப் படுகிறது.

இதையெல்லாம் சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுத உட்காரவில்லை. எனக்கு ஒரு குழப்பம். பெரியவரைப் பற்றி. இல்லை, உன்னைப் பற்றியும்தான். இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்பதுதான் குழப்பமே.

இதை வேறு யாரேனும் படித்தால் புரிய வேண்டுமே என்று சொல்லிவிடுகிறேன். நீ கட்கியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்தாய். நானூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அந்த ஆங்கில நாடகாசிரியர் உனக்குக் கிட்டத்தட்ட ஒரு மூத்த உறவினர். வீட்டில் அவர் பெயரைச் சொல்ல மாட்டாய். 'பெரியவர்' என்பாய். பெரியவர் சொல்லியிருக்கார் என்று ஆரம்பித்தால் அடுத்தது ஒரு ஆங்கில வரி வரும். பால் பொங்கி வழிந்தால் ஒரு வரி. அப்பா குடையை ரயிலில் விட்டுவிட்டு வந்தால் ஒரு வரி. எனக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோது நீ சொன்ன வரியின் அர்த்தம் எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அழுகை நின்றது.

போன மாதம் எங்கள் மேனேஜர் ஒரு கூட்டத்தில், தாமதமான ஒரு வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். குடை தொலைந்த அன்று நீ சொன்ன அதே வரி. இது யார் எழுதியது தெரியுமா என்று கேட்டேன். "யாரும் எழுதல, எல்லாரும் சொல்றதுதானே" என்றார். உனக்கு அது பிடித்திருக்கும். யார் எழுதியது என்று தெரியாமலே எல்லார் வாயிலும் புழங்குகிறவர்தான் பெரிய எழுத்தாளர் என்பது உன் கட்சி. போபோடியில் மொபைல் கடை வைத்திருக்கும் உன் பழைய மாணவர் ஒருவர், என்னைப் பார்த்தால் உடனே எழுந்து நின்று ஒரு வரி ஒப்பிக்கிறார். வீட்டில் ஹிந்தி பேசும் மனிதர். ஆங்கில வரி வருவது உன் பாளையங்கோட்டை உச்சரிப்பில்.

ஆனால் ஒரு வரி மட்டும் எங்களுக்கு வேறு மாதிரி நினைவிருக்கிறது. நல்ல பெயரைப் பற்றிய அந்த வரி.

கோமதி அக்காவுக்கு நாடகப் பைத்தியம் பிடித்தது உன்னால்தான். கல்லூரி முடித்து, சிவாஜி நகரில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகு, தோழிகளோடு மராத்தி நாடகங்களுக்குப் போக ஆரம்பித்தாள். வந்து கதை சொல்வாள். நீயும் ஆர்வமாகக் கேட்டாய். அப்படிப் போன இடத்தில்தான் நிதினைப் பார்த்தாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை எடுக்கும் முன்னால், அவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"என்ன வேலை பாக்கான்?" என்று நீ கேட்டாய்.

"நாடகத்துக்கு லைட் போடுதான்."

"நடிக்கக்கூட இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவும் குனிந்துகொண்டார். நீ சிரிக்கவில்லை. ஊரில் இருக்கும் உன் அண்ணன்மார், பள்ளிக்கூடத்தில் உன் சக ஆசிரியைகள், பிள்ளைகளின் பெற்றோர், எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தாய். "அவ பேசி முடிக்கட்டுமே" என்றார் அப்பா. அவர் அன்று சொன்னது அவ்வளவுதான்.

அப்புறம் நீ வகுப்பில் நிற்பது போல எழுந்து நின்று, விரலை உயர்த்தி, அந்த வரியைச் சொன்னாய். பணத்தைப் பறிகொடுப்பது ஒன்றுமில்லை, நல்ல பெயரைப் பறிகொடுத்தவன்தான் ஏழை என்று பொருள் வரும் வரி. ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னாய். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

"அம்மா, நீ பேசும்மா. அவரு பேச வேண்டாம்" என்றாள் அக்கா.

"அவரு சொன்னதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

அடுத்த வாரம் அக்கா ஒரு சூட்கேஸோடு போனாள். பதிவுத் திருமணம். ஊரின் இன்னொரு பக்கம், கோத்ருட்டில் இரண்டு அறை வீடு. உன்னை மிரட்டவும் இல்லை, அழவும் இல்லை. போகும்போது குக்கர் இருந்த அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நீ அவளைப் பற்றிப் பேசவில்லை. மூத்தவள் எங்கே என்று யாராவது கேட்டால் அந்த வரியின் முதல் பாதி வரும், கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார். அப்பாவை அங்கே போகக் கூடாது என்று நீ சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நான் மட்டும் போய் வந்தேன். அலுவலகத்தில் நேரமாகிவிட்டது என்பேன். அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த நாட்களில் நீ எனக்குத் தோசை வார்த்ததில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டதும் இல்லை. உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா? அக்காவுக்கு மீரா பிறந்ததும் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை.

பிறகு அந்தக் காலை. துணி உலர்த்தப் போன நீ கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தாய். வலது கையும் பேச்சும் போயின. பேச்சு மெதுவாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். வந்தது. முதலில் தமிழ் வந்தது. நர்ஸ்களிடம் பேச ஹிந்தியும் கொஞ்சம் வந்தது. ஆங்கிலம் வரவில்லை.

காலமெல்லாம் கற்பித்த மொழி எப்படி அப்படிப் போகும்? டாக்டர் ஏதோ விளக்கினார், எனக்கு மனதில் நிற்கவில்லை. நான் உன் கட்டிலருகே உட்கார்ந்து, பெரியவரின் வரிகளில் எனக்குத் தெரிந்தவற்றைப் பாதி சொல்லி, மீதியை உனக்காக விட்டுவைப்பேன். நீ என் வாயையே பார்ப்பாய். நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்பது போலச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அக்காவுக்கு நான்தான் போன் செய்தேன். வந்தாள். வார்டு வாசலில், செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். நீ திரும்பிப் பார்த்தாய். அப்பா கட்டிலின் மறுபக்கம் எழுந்து நின்றுவிட்டார்.

"சாப்ட்டியாட்டி?" என்றாய்.

"சாப்ட்டேம்மா."

"மொகம் வாடிருக்கே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். சாயங்காலம் வரை விடவில்லை. அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். நீ அவளிடம் தலை வாரச் சொன்னாய், கஞ்சியில் உப்பு இல்லை என்றாய், ஜன்னலைச் சாத்தச் சொன்னாய். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. நிதின் அத்தான் தினமும் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே வேப்பமரத்தடியில் நின்றார். மேலே வர அவருக்குத் தைரியம் இல்லை. வரச் சொல்ல எங்களுக்கும் இல்லை. மழை தொடங்கியபோது வீட்டுக்கு அழைத்துப் போனோம். அந்த மழை முடியுமுன் நீ போய்விட்டாய்.

மன்னித்தாயா, அல்லது அந்தச் சண்டையும் ஆங்கிலத்தோடு சேர்ந்து போய்விட்டதா? நாங்கள் மூன்று பேரும் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். போன மாதம் நான் அந்த நாடகத்துக்குப் போகாமல் இருந்திருந்தால்.

நிதின் அத்தானின் குழு பெரியவரின் நாடகம் ஒன்றை மராத்தியில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் கொடுத்தார். உன் மகளாக இருந்தும் நான் பெரியவரின் நாடகம் எதையும் முழுதாகப் படித்ததில்லை. வரிகள் தெரியும், கதைகள் தெரியாது. ஒரு பெண், அப்பாவுக்குத் தெரியாமல், வேற்று இனத்துத் தளபதி ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்வதில் நாடகம் தொடங்கியது. நான் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தேன். அக்கா மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தளபதிக்குக் கீழே ஒருவன் இருக்கிறான். எல்லாரும் அவனை நல்லவன் என்றே சொல்கிறார்கள். அவன்தான் தளபதியின் காதில் மனைவியைப் பற்றிய சந்தேகத்தைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுகிறான். அந்தச் சமயத்தில், கையை நெஞ்சில் வைத்து, மிக மரியாதையாக ஒரு வசனம் பேசினான். மராத்திதான். ஆனால் இரண்டாவது சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் வரி.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

அதைச் சொல்கிறவன் வில்லன், அம்மா. நாடகத்திலேயே பெரிய அயோக்கியன். ஓர் ஆளை ஏமாற்றுவதற்காகச் சொல்கிறான். அதற்குச் சற்று முன்னால், வேலை போய்ப் பெயர் கெட்டுவிட்டது என்று அழும் இன்னொருவனிடம், பெயரில் என்ன இருக்கிறது, அது வெறும் வேஷம் என்று இதே ஆள் சொல்லிச் சிரிக்கிறான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பெரியவர் இதில் எதை நம்பினார்? எதையுமே நம்பவில்லையா? கடைசியில் அந்தப் பெண் செத்துப்போகிறாள். அவளைக் கைவிட்ட தகப்பன் அந்தத் துக்கத்திலேயே இறந்த செய்தி ஒரு வசனத்தில் வந்து போகிறது. அதற்கு யாரும் அழக்கூட நேரமில்லை.

நாடகம் முடிந்து வெளியே வந்தோம். அக்கா மீராவைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தாள். அங்கே போன் செய்ய டெலிபோன் பூத்துக்குள் போனாள். நான் நிதின் அத்தானிடம், அந்த வரி எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொன்னேன். அவர் சாய் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு மராத்தியில் சொன்னார்.

"உங்க அம்மா இந்த நாடகத்துக்கு வந்திருக்காங்க."

நீ உடல்நலம் கெடுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பாம். இதே நாடகத்தை அவர்கள் முன்னாலும் போட்டிருக்கிறார்கள். நீ கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் தனியாக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாயாம். கல்யாணத்துக்கு முன் அக்கா காட்டிய போட்டோவில் உன்னைப் பார்த்திருந்ததால் அவருக்கு அடையாளம் தெரிந்தது. அந்த வசனம் முடிந்து இடைவேளை வந்ததும், படியேறி மேலே லைட் அறைக்கே வந்துவிட்டாயாம்.

"என்னன்னு கேட்டாங்க?"

"அவன் அந்த வசனம் பேசறப்போ முகத்துல இவ்வளவு வெளிச்சம் ஏன் போடறீங்கன்னு கேட்டாங்க. ஜனங்க நம்பிடுவாங்களேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க அத்தான்?"

"நம்பினாத்தான் நாடகம், டீச்சர்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்னு தெரியல."

நீ தலையாட்டினாயாம். படியிறங்கப் போனவள் நின்று, வீட்டுக்குப் போக உங்களுக்கு நேரமாகுமா என்று கேட்டாயாம். ஆகும் என்றாராம். "அப்போ வீட்டுல காத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அக்கா பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் பாதிக்கு நீ உட்காரவில்லை.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லல?" என்றேன்.

"கோமதிகிட்ட எப்படிச் சொல்றது? அவ்வளவு தூரம் வந்தும் அம்மா என்னைக் கேக்கலியான்னு அழுவா." பூத்துக்குள் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். "இப்பவும் நான் சொல்லல. நீ சொல்லணும்னா சொல்லு."

நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதும் தெரியவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். அந்த நாடகத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியவள் நீ. அதைச் சொல்கிறவன் யாரென்று அந்த ஞாயிற்றுக்கிழமையே உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் விரலை உயர்த்திச் சொன்னாயா? கோபத்தில் வரி மட்டும் வந்து, ஆள் மறந்துபோனானா? பின்னால் ஒரு நாள் நினைவு வந்துதான் ரயிலேறிப் போனாயா? அப்படியென்றால் ஏன் அக்காவுக்கு ஒரு போன் செய்யவில்லை? அந்த லைட் அறையில் நிற்பவர் யாரென்று தெரிந்து ஏறினாயா, தெரியாமல் ஏறினாயா? தெரியாமல் என்றால் அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு? ஒரு சமயம் எல்லாம் விளங்கிவிட்டது போல இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்வதற்குள் மறுபடி கலைந்துவிடுகிறது.

நீ இல்லாதபோது உன் மனதைப் படிக்க எனக்குக் கிடைப்பதெல்லாம் இன்னொருவர் எழுதிய வசனம். அதுவும் அயோக்கியனின் வசனம்.

இந்த நேரத்தில்தான் மீராவின் பிறந்தநாள் வந்தது. அக்கா அப்பாவைக் கூப்பிட்டாள். நீ போன பிறகு பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். முழங்கால் வலி என்று சொல்லித் தட்டிக்கழித்துவிடுவார். அவள்தான் தனியாக இங்கே வந்து போவாள். இந்தத் தடவை நான் கட்டாயப்படுத்தினேன். அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டியபடி, வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கேன் செல்வி. உங்கம்மா கோமதியை மன்னிச்சாளா, இல்ல மறந்துட்டாளா?"

நான் முறத்தில் கிடந்த காம்புகளை ஒதுக்கினேன்.

"மறந்துருந்தான்னா அது கணக்குல வராது பாத்துக்கோ. நல்லா இருந்தப்ப அவ போன்னு சொல்லல. அவ இல்லாதப்ப நான் எப்படிப் போக?"

இருவரும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையில் உன் சொல்லை மீறி அவர் ஒன்றும் செய்ததில்லை. நீ இல்லாதபோதும் மீற முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. லைட் அறைக் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் இவரும் என்னைப் போலவே கேள்விகளோடு உட்கார்ந்துவிடுவார். மீராவின் பிறந்தநாள் போய்விடும். அடுத்ததும் போய்விடும்.

"மன்னிச்சுட்டாப்பா" என்றேன்.

"ஒங்கிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரில. நீங்க டீ குடிக்கப் போயிருந்தப்ப."

"என்னன்னு சொன்னா?"

"நீங்க போயி பிள்ளைய பாக்கணும்னு சொன்னா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. நம்பினாரா, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாரா, அதுவும் எனக்குத் தெரியாது. கீரையை முறத்தோடு என்னிடம் தள்ளிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

கோத்ருட்டில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று ஏறினார். நிதின் அத்தான் பாதிப் படி இறங்கி வந்து கையைக் கொடுத்தார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அக்கா வாசலில் நின்றாள். அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். மீராவுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். அப்பா ஃபாக்டரியில் பழகிய மராத்தியில் அவளோடு பேச ஆரம்பித்தார், அவள் ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஆஜி, அதாவது பாட்டி, எப்படி இருப்பாங்க என்று கேட்டாள். அப்பா யோசித்தார்.

"ரொம்பப் பேசுவா" என்றார். "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்."

அக்கா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு வெகு நேரம் நின்றாள். நான் பின்னால் போகவில்லை.

நான் உன் வாயில் ஒரு சொல்லை வைத்துவிட்டேன், அம்மா. நீ அதைச் சொன்னதில்லை. சொல்ல நினைத்தாயா என்பதை எனக்குச் சொல்லக்கூடியவர் யாருமில்லை. நீ நினைத்திராவிட்டால், நான் செய்தது என்ன? நினைத்திருந்தால், நீயே ஏன் சொல்லாமல் போனாய்? இரண்டில் எதை நினைத்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. ஆனால் அப்பா நேற்றே கேட்டுவிட்டார், அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்று.

அதனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உனக்கு இதில் கோபம் இருந்தால் அதை என்மேல் வைத்துக்கொள், நான் தாங்கிக்கொள்கிறேன். அப்பாவிடம் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று மாடியை அவர் ஏறும் காலம்வரை, ஒவ்வொரு ஞாயிறும் கூடவே ஏறுவேன்.

இப்படிக்கு,
உன் இரண்டாவது பெண், கோமதியின் தங்கை,
செல்வி